நியம்-பாபு ஆன நம் நண்பர்

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் சங்க அன்பர்கள் பலருக்கும் என் நண்பரைத் தெரிந்திருக்கும். ஞாயிறு விடியற்காலையில் வெள்ளைத் தொப்பியும் நீளப் பையுமாக டாலிகஞ்ச் பக்கம் கிளம்பிப் போகிறவர். நமது பொங்கல் விழாவுக்குக்கூடச் சேறு படிந்த காலணியோடு, கடைசிப் பந்தி நேரத்துக்குத்தான் வந்து சேர்வார். இந்த ஆண்டு ஜனவரியில் அவர் உறுப்பினராக உள்ள கோல்ஃப் மன்றம் அவருக்குச் சால்வை போர்த்தி, மைதானத்தில் ஏழாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில் அவர் பெயரால் ஒரு மரபெஞ்சும் போட்டிருக்கிறது. கோல்ஃபுக்கு அவர் செய்த தொண்டுக்காக என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறார்கள். இதைப் பற்றி நம் இதழில் எழுத அனுமதி கேட்டேன். "பெயர் போடாமல் எழுதுவதானால் எழுது" என்றார். ஐம்பது வருடத்துச் சிநேகிதம், மீற முடியவில்லை.

செய்தி பரவியதும் சங்கத்தில் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "அவர் எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறார்?" என்பதுதான். இரண்டு. இரண்டுமே சிறியவை. ஒன்றில் அவர் மனைவி ஊக்குகள் போட்டு வைத்திருக்கிறார். "பின்னே எதற்குப் பாராட்டு?" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1970-களில் நாங்கள் இருவரும் ஒரே மெஸ்ஸில் தங்கியிருந்தோம். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டெனோகிராபர். 1978-ல் ஒரு ஞாயிறன்று அவருடைய மேலதிகாரிக்கு ஆட்டத்துக்கு நாலாவது ஆள் கிடைக்காமல், இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் மெஸ்ஸுக்கு வந்து, "இன்றைக்கு ஒரு கேடியோடு அஞ்சு மைல் நடந்தேன்" என்றாரே பார்க்கலாம்! சமையற்கார மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போலீசுக்குச் சொன்னாயோ?" என்று கேட்டார். மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்து வருகிற தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் என்று விளக்கி, மாமாவைச் சமாதானப்படுத்த அரைமணி ஆயிற்று.

நம் ஊருக்கு இந்த ஆட்டத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. 1829-ல் இங்கே தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்தான், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் மன்றங்களில் மிகப் பழமையானது. 'ராயல்' என்ற பட்டம் 1911-ல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்ததை ஒட்டிக் கிடைத்தது.

ஆட்டம் எளிதுதான். நாலேகால் அங்குல விட்டமுள்ள குழி. அதற்குள் பந்தை விழச் செய்ய வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். பையில் பதினாலு மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாக் குழிகளுக்கும் சேர்த்து எத்தனை அடி அடித்தோம் என்பதே கணக்கு. குறைவாக அடித்தவர் வென்றவர். தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று மைதானத்துக்கு ஒரு எண் உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். பெரும்பாலும் 72.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் 'ஹேண்டிகேப்' என்கிற சலுகைக் கணக்கு. என் நண்பருக்கு 20 சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 92 அடித்தால் இருபதைக் கழித்து 72. நாலே சலுகை உள்ள ஓர் இளைஞன் 77 அடித்தால் அவனுக்கு 73. தாத்தா ஜெயித்துவிட்டார்! வேறு எந்த விளையாட்டில் தாத்தாவும் பேரனும் இப்படி நிஜமாகவே மோத முடியும்? இந்தச் சலுகையை யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதில்லை. 2020 முதல் இருக்கும் உலகப் பொது முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

அந்த 20 ஆட்டங்களின் கணக்கையும் கொடுப்பது ஆடுகிறவரேதான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கிரிக்கெட்டில் நடுவர் விரலை உயர்த்துகிற வரை நின்றுகொண்டிருக்கலாம். கோல்ஃபில் சாதாரண நாட்களில் நடுவரே கிடையாது. ஒருவர் கணக்கை இன்னொருவர் அட்டையில் குறிப்பார். முடிவில் நாம் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு குழிக்கு உள்ளதைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். 1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது குழியை மூன்றே அடியில் முடித்தார். கூட ஆடியவர் அட்டையில் நாலு என்று எழுதிவிட்டார். அவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். தொலைக்காட்சியில் எத்தனையோ பேர் பார்த்திருந்தும் நாலு நாலுதான். அந்த ஒன்றால் முதலிடத்துக்கான மறு ஆட்டம் கை நழுவிப்போயிற்று. அன்று அவருக்கு 45-வது பிறந்தநாள் வேறு!

என் நண்பருக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1994-ல் மன்றத்துப் போட்டி ஒன்று. மூன்று குழிகள் மீதி. அவர் ஓரடி முன்னணியில் இருந்தார். பந்து நீளப் புல்லுக்குள் கிடந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்ததும் அது அரை உருளல் உருண்டுவிட்டது. மற்ற ஆட்டக்காரர்கள் தூரத்தில் இருந்தார்கள். பார்த்தது பை சுமந்த பையன் ஒருவன்தான். ஜெயித்தால் அவனுக்கும் நல்ல இனாம் கிடைக்கும். "நான் ஒன்றும் பார்க்கவில்லை, பாபு" என்று வங்காளியில் மெல்லச் சொன்னான். நண்பர் பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து, தமக்கு ஓர் அடி தண்டனை சேர்த்துக்கொண்டார். முடிவில் ஓரடி வித்தியாசத்தில் தோற்றார். பையன் முகம் செத்துவிட்டது. ஜெயித்தால் கொடுத்திருக்கக்கூடிய இனாமை அவனுக்குக் கொடுத்து அனுப்பினார். "பெரிய மனசுதான் உனக்கு" என்று நான் சொன்னதற்கு எரிந்து விழுந்தார்: "அது நான் அடித்த கணக்கில் ஒன்று. அவ்வளவுதான். இதில் மனசு எங்கே வந்தது?"

ஆனால் அந்தப் பையன் சொன்னது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் பொய்க்காரன் இல்லை. விதி என்ன, அது எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மைதானத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அவனுக்கு அத்துப்படி. விதிகளோ ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தன. மன்றத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் நண்பர் அவர்களை மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லித்தர ஆரம்பித்தார். கும்பகோணம் வாடை வீசும் அவருடைய வங்காளியைக் கேட்டுச் சிரித்தவர்களே நாளடைவில் 'நியம்-பாபு' என்று பெயர் வைத்தார்கள். நியம் என்றால் விதி. விதிகளைத் தம் கையாலேயே வங்காளியில் எழுதி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். 2019-ல் விதிகள் மாறியபோது (தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிடம் என்பது மூன்றானது, கையில் எடுத்த பந்தைத் தோள் உயரத்துக்குப் பதிலாக முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும் என்றானது) பாதி நோட்டை அடித்துத் திருத்தினார்.

மட்டைப் பை சுமக்கிறவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். 1991-ல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற அலி ஷேர், தில்லியில் பை சுமந்தவர்தான். 1993-ல் மறுபடியும் வென்றார். நம் ஊர் எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் தந்தை ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரித்தவர். மகன் 2008-ல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இந்திய ஓபனையும் வென்றார். எல்லோரும் சௌரசியா ஆகிவிட முடியாதுதான். ஆனால் விதி தெரிந்தவனை ஆட்டக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டு அழைத்துப் போகிறார்கள். அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கூடுகிறது.

பித்தளைத் தகட்டில் இல்லாத ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மைதானம் மூடப்பட்டது. தினக்கூலி நின்றது. எழுபது வயதில் வெளியே போக முடியாத நண்பர், வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உறுப்பினர் பட்டியலை 'ஏ' எழுத்திலிருந்து ஆரம்பித்தார். "போன வருஷம் உங்களுக்குப் பை சுமந்தானே, அவன் வீட்டுக்கு அரிசி வேண்டும்" என்பதுதான் பேச்சு. சிலர் போனை எடுக்கவே இல்லை. பலர் கொடுத்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கும் அந்த நோட்டில் இருக்கிறது. அதை மட்டும் எனக்குக் காட்ட மறுத்துவிட்டார்.

துரைமார் விளையாட்டுக்கு நம் இதழில் இத்தனை பக்கமா என்று முணுமுணுப்பவர்களுக்கு: நெருக்கடியான ஊருக்கு நடுவே இவ்வளவு நிலத்தையும் தண்ணீரையும் ஒரு விளையாட்டு எடுத்துக்கொள்வது எனக்கும் உடன்பாடில்லை. நண்பரிடமே பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். அவரும் மறுப்பதில்லை. "சரி, திங்கட்கிழமை வந்து நீயும் பார்" என்பார். நானும் போயிருக்கிறேன். பெஞ்சில் இப்போது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது பை சுமக்கும் பையன்கள்தான்.

வரும் கோடை விடுமுறையில் நம் சங்கக் குழந்தைகளுக்கு நாலு திங்கட்கிழமைகள் ஒதுக்க மன்றத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். காலர் வைத்த சட்டை, ரப்பர் அடி வைத்த காலணி, தண்ணீர் பாட்டில் போதும். மட்டை அவர் தருகிறார். வீட்டிலிருந்து கிரிக்கெட் மட்டையைக் கொண்டுவர வேண்டாம் என்று தனியாகச் சொல்லச் சொன்னார்.