நிலக்கரி ஓர் இடம். தொழிற்சாலை வேறு இடம்!
மாநிலங்களுக்கு இடையே மூண்ட நீண்ட வழக்கு

ஜார்கண்ட் மாநிலத்தில் தன்பாத் என்ற நகரம் இருக்கிறது. அதன் அருகே உள்ளது ஜாரியா. அங்கு பூமிக்கு அடியில் நிலக்கரியில் 1916-ம் ஆண்டு தீப்பிடித்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தத் தீ முழுவதும் அணையவில்லை. தரை வெடித்து, வெடிப்புகளில் இருந்து புகை வருகிறது. பக்கத்திலேயே மக்கள் குடியிருக்கிறார்கள்.

அங்கே வெட்டி எடுக்கும் நிலக்கரி சரக்கு ரெயில்களில் ஏறிப் பல மாநிலங்களுக்குப் போகிறது. உருக்காலைகளும் மின்சார நிலையங்களும் அதனால் ஓடுகின்றன. ஆனால் நிலக்கரி தந்த ஊர்க்காரர்கள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். ஏன் இப்படி? ரெயில் கட்டணத்துக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கும் ஒரே விலை

சுதந்திரத்துக்குப் பிறகு, நாடு முழுவதும் தொழில் பரவ வேண்டும் என்று மத்திய அரசு விரும்பியது. அதற்காக 1950-களில் சரக்குக் கட்டணத்தைச் சமமாக்கும் திட்டம் வந்தது. உருக்கை ஜாம்ஷெட்பூரில் வாங்கினாலும், மும்பையில் வாங்கினாலும், சென்னையில் வாங்கினாலும் விலை ஒன்றுதான். ரெயில் கூலியைச் சராசரி பார்த்து எல்லோருடைய விலையிலும் சேர்த்துவிட்டார்கள். ஆலைக்குப் பக்கத்தில் இருந்தவர், தூரத்தில் இருந்தவருக்காகவும் கூலி கொடுத்தார்! சிமெண்டுக்கும் இதே முறைதான். நிலக்கரிக்கோ, தூரம் கூடக் கூட கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் குறைந்தது.

துறைமுகமும் சந்தையும் உள்ள நகரங்களுக்கு இது நல்ல வாய்ப்பு. சுரங்கத்தின் அருகே தொழிற்சாலை வைக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது.

பீகாரும் மேற்கு வங்காளமும் குமுறின. அப்போது ஜார்கண்ட் பகுதி பீகாரில் இருந்தது. "எங்கள் உருக்குக்கு ஒரே விலை என்றால், மேற்கிலும் தெற்கிலும் விளையும் பருத்திக்கும் ஒரே விலை வைக்க வேண்டாமா?" என்பது அவர்களின் கேள்வி. பருத்திக்கு அப்படி வைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் 35 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

கட்டணம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மாநிலங்களின் மனக்குறை மட்டும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் தொடங்கிய வழக்கு

கனிமம் வெட்டினால் மாநிலத்துக்கு ராயல்டி கிடைக்கும். பெரிய கனிமங்களுக்கு அதன் அளவை நிர்ணயிப்பது மத்திய அரசு. நிலக்கரிக்கு 2012-ம் ஆண்டு விலையில் 14 சதவீதம் என்று வைத்தார்கள். அதற்கு மேல் மாநிலங்கள் வரி போடலாமா?

தமிழ்நாடு சுண்ணாம்புக்கல் ராயல்டி மீது செஸ் வரி போட்டது. சிமெண்டு கம்பெனி வழக்கு தொடுத்தது. 1989-ல் சுப்ரீம் கோர்ட்டின் 7 நீதிபதிகள், "ராயல்டியும் ஒரு வரிதான், அதன் மேல் மாநிலம் செஸ் போட முடியாது" என்ற கருத்தில் தீர்ப்பு அளித்தனர். கனிம மாநிலங்களின் கை கட்டப்பட்டது.

அந்தக் கட்டு அவிழ 35 ஆண்டுகள் ஆயின. 2024-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி 9 நீதிபதிகள் அமர்ந்தனர். 8 பேர், ராயல்டி வரி அல்ல, மாநிலங்கள் வரி போடலாம் என்றனர். நீதிபதி நாகரத்னா மட்டும் மறுத்தார். மாநிலங்களுக்குள் ஆரோக்கியமற்ற போட்டி வரும் என்பது அவர் கவலை. 2005 ஏப்ரல் 1-ந்தேதி முதலான பாக்கியையும் மாநிலங்கள் கேட்கலாம். 2026 ஏப்ரல் முதல் 12 ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம் என்று அடுத்த மாதம் கோர்ட்டு கூறியது. வரிக்குப் பாராளுமன்றம் வரம்பு வைக்கவும் இடம் உண்டு.

கொடுக்கவும் வாங்கவும்

ஜார்கண்ட் உடனே கனிம நிலத்துக்கு செஸ் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் கனிம நில வரிச் சட்டம் இயற்றியது. அதே தமிழ்நாட்டுக்கு ஒடிசாவின் தால்ச்சரில் இருந்து நிலக்கரி வருகிறது. ரெயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் போகிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு வரி வாங்கும் மாநிலம், நிலக்கரிக்கு வரி கொடுக்கும் மாநிலமாகவும் ஆகலாம்! அந்தச் சுமை கடைசியில் மின்சாரக் கட்டணத்தில் வந்து விழலாம்.

இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் ஜார்கண்ட், பீகார் இளைஞர்கள் உழைக்கிறார்கள். தொழில் எங்கே போகிறதோ, ஆளும் அங்கேதான் போக வேண்டும். வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.