பஸ் எப்போ வரும்?

பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார், சாலைத் திருப்பத்தை எட்டிப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரம். மாதக்கணக்கில் தூறல் விடாத சியாட்டில் நகரத்தில் இந்தக் காத்திருப்பு இன்னும் கொடுமை. அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆய்வு மாணவராக இருந்த பிரையன் ஃபெரிஸ், 2008-இல் ஒரு சின்ன செயலியை எழுதினார். பெயர் 'ஒன்பஸ்அவே'. நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்தால், அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லும். அவ்வளவுதான்.

பஸ் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற தகவல் அங்கே முன்பே இருந்தது. அது கிடைத்த விதம் சுவாரஸ்யமானது. சியாட்டிலில் ஓடும் கிங் கவுன்ட்டி மெட்ரோ பஸ்கள் அன்று ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடவில்லை. சாலையோரக் கம்பங்களில் சிறு ரேடியோ கருவிகள் இருந்தன. கம்பத்தைக் கடக்கும்போது பஸ் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். அங்கிருந்து சக்கரம் உருண்ட தூரத்தைக் கணக்கிட்டபடியே போகும். தடம் மாறி ஓடினால் கணக்கு தப்பிவிடும். இந்தத் தகவலை வைத்து 'மைபஸ்' என்ற சேவை அதே பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இயங்கிவந்தது. மழையில் நிற்பவரின் கைப்பேசிக்கு அதை எளிமையாகக் கொண்டுவந்து சேர்த்ததுதான் ஃபெரிஸின் சாதனை.

இன்னொரு அடித்தளமும் தயாராக இருந்தது. 2005-இல் போர்ட்லாண்டின் டிரைமெட் போக்குவரத்து நிறுவனத்தைச் சேர்ந்த பிபியானா மெக்ஹியூ, தன் ஊர்க் கால அட்டவணையை கூகுளுக்குக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவம். உள்ளே திறந்து பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்புகள்தான்: நிறுத்தங்களுக்கு ஒன்று, தடங்களுக்கு ஒன்று, நேரங்களுக்கு ஒன்று. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு வரும் பஸ்ஸுக்கு அதில் 25:30:00 என்று எழுதுவார்கள். முந்தைய நாள் கிளம்பிய வண்டி அந்த நாளின் கணக்கிலேயே முடிய வேண்டும் என்பதற்காக!

இன்று ஒன்பஸ்அவே தரும் தகவலை வைத்து ஒருவர் தன் தெரு நிறுத்தத்துக்கென்று தனியாக ஒரு வலைப்பக்கம் செய்யலாம். ஒரு இணைய முகவரியைக் கூப்பிட்டால் விடை வரும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அதில் இரண்டு நேரங்கள் இருக்கும்: அட்டவணைப்படி வர வேண்டிய நேரம், இப்போதைய கணிப்பு நேரம். இரண்டும் மில்லிவினாடிகளில். கணிப்பு நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து 60,000-ஆல் வகுத்தால் நிமிடம் கிடைத்துவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பஸ்ஸிடமிருந்து நேரடித் தகவல் வராதபோது, கணிப்பு நேரம் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும். கணினிக் கணக்கில் பூஜ்யம் என்றால் 1970 ஜனவரி 1. அதைக் கவனிக்காமல் கழித்தால், பஸ் அரை நூற்றாண்டுக்கு முன்பே போய்விட்டதாகத் திரை சொல்லும். பூஜ்யம் வந்தால் அட்டவணை நேரத்தைக் காட்ட வேண்டும். அது அட்டவணை நேரம்தான் என்பதையும் பயணிக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி இருந்தால் 'ஒரு நிமிடம்' என்றே காட்டுவது நல்லது. இரண்டு என்று நம்பி மெதுவாக நடந்து வருபவர் பஸ்ஸைத் தவறவிடக்கூடும்.

ஒன்பஸ்அவேயின் வண்ணங்களிலும் இதே அக்கறை தெரிகிறது. சரியான நேரத்துக்கு வரும் பஸ் பச்சை. தாமதமாக வருவது நீலம். சிவப்பு எதற்கு? சீக்கிரம் வரும் பஸ்ஸுக்கு! தாமதமானால் நிற்க வேண்டியதுதான். முன்கூட்டியே வந்தால் வண்டியே போய்விடும். ஓட வேண்டியவருக்குத்தான் எச்சரிக்கை தேவை. பயணியின் இடத்தில் நின்று யோசித்தவருக்கு மட்டுமே தோன்றும் முடிவு இது.

ஃபெரிஸுடன் இதில் உழைத்த கேரி வாட்கின்ஸும் குழுவினரும் சியாட்டில் நிறுத்தங்களில் காத்திருந்தவர்களிடம் ஆய்வு நடத்தி, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். நேரடித் தகவல் இல்லாதவர்களுக்கு, காத்திருந்த நேரம் உண்மையைவிட நீளமாகத் தோன்றியது. தகவல் கையில் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அதோடு அவர்கள் உண்மையிலேயே ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைவாகத்தான் காத்திருந்தார்கள். பஸ் வேகமாக ஓடவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம்தான் மாறியது.

பிறகு ஃபெரிஸ் கூகுளுக்குப் போய்விட்டார். நிரல் திறந்த மூலமாக இருந்ததால் மற்றவர்கள் எடுத்து நடத்த முடிந்தது. நியூயார்க்கின் 'பஸ் டைம்' சேவையும் அதே நிரலின் மேல்தான் கட்டப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. டெல்லி அரசும் டெல்லி ஐஐஐடியும் சேர்ந்து 2018 முதல் அந்நகர பஸ்களின் தகவலை எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்த வாசகர்கள் அதிலிருந்து ஒரே ஒரு நிறுத்தத்தை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள்.

(தொடரும்)