நாக்ட்கெபோரன்: ஒரு டச்சுப் பெயரின் கதை

விண்ணப்பப் படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் வந்தால் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். நம் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப் பெயராகி நின்றுவிடுகிறது. நெதர்லாந்திலும் இதேபோல் நடந்திருக்கிறது. யான் என்பவரின் மகன் யான்சன்; முன்பெல்லாம் அது தலைமுறைதோறும் மாறும். 1810இல் நெப்போலியன் அந்நாட்டைப் பிரான்சோடு இணைத்தார். 1811 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஆணைப்படி, குடும்பப் பெயர் இல்லாதவர்கள் நிலையான ஒன்றைப் பதிய வேண்டியதாயிற்று.

அப்போது சிலர் குறும்பாக 'நாக்ட்கெபோரன்' என்று எழுதிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. 'நிர்வாணமாகப் பிறந்தவர்' என்று பொருள். எல்லாருமே அப்படித்தானே பிறக்கிறோம்! ஆனால் பெயராய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. ஜெர்மன் மொழியில் 'நாஹ்கெபோரன்' என்றால் பின்பிறந்தவர். அதாவது தந்தை இறந்த பிறகு பிறந்த பிள்ளை. அந்தச் சொல்தான் டச்சுக்காரர் வாயில் இப்படித் திரிந்ததாம். எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

இன்று இது அபூர்வமான பெயர். யான் இருந்த ஊரெல்லாம் யான்சன் முளைக்கும். இதுவோ சில குடும்பங்களோடு சரி. பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்தால் அதுவும் நின்றுபோகும். தாயின் பெயரைத் தேர்ந்தெடுக்க 1998இல்தான் சட்டம் வழிவிட்டது. 2024 முதல் இருவர் பெயரையும் சேர்த்தே வைக்கலாம்.

டச்சுக்காரரின் அந்தப் பெயர் நிலைத்தது, பொருள் மறந்தது. நம் வீட்டுப் பெயரும் அப்படி ஆகிவிடக்கூடாது. அந்தக் கட்டத்தில் இருப்பது யார், எந்த ஊர்க்காரர் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.