உங்களுக்குத் தெரியுமா? மலைக்காடுகளைக் கேட்டு வாங்கியவர்கள்

கப்பல் கம்பெனிக்காரரின் கடிதம்
1864. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மும்முரமாக நடந்த நேரம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மாரிபோசா செக்கோயா தோப்பையும் பொதுமக்களுக்கென ஒதுக்கும்படி செனட்டர் ஜான் கானஸுக்குக் கடிதம் எழுதினார் இஸ்ரேல் வார்ட் ரேமண்ட். இவர் வேலை பார்த்தது கப்பல் கம்பெனியில்! ஜூன் 30 அன்று சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி லிங்கன், கடைசி வரை அந்த மலைப்பக்கம் போனதே இல்லை.

இரண்டே கட்டுரைகள்
பள்ளத்தாக்கு தப்பியது, சுற்றியிருந்த மலைப் புல்வெளிகளை ஆட்டு மந்தைகள் மொட்டையடித்தன. 1889-இல் அங்கே கூடாரம் அடித்துத் தங்கிய ஜான் மியூரும் 'செஞ்சுரி' பத்திரிகையின் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சனும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மியூர் எழுதினார், ஜான்சன் வாஷிங்டனில் ஆதரவு திரட்டினார். கட்டுரைகள் 1890 ஆகஸ்ட், செப்டம்பர் இதழ்களில் வந்தன. அக்டோபர் 1-இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா சட்டமாகிவிட்டது.

வாய்க்காலுக்காக ஒரு காடு
யோசெமிட்டி சட்டத்துக்கு ஆறு நாள் முன்பே செக்கோயா தேசியப் பூங்கா பிறந்திருந்தது. அதற்காகப் பாடுபட்டவர் விசேலியா ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் ஸ்டூவர்ட். சமவெளி விவசாயிகளின் ஆதரவும் கிடைத்தது. மலையில் மரம் போனால் கீழே பாசனத்துக்குத் தண்ணீர் வராது என்பது அவர்கள் கணக்கு.

தொப்பியில் விழுந்த 32 டாலர்
கலிபோர்னியாவில் தனியார் தோப்பில் இருந்த ரெட்வுட் மரங்களைப் படமெடுக்கக் கூடாது என்று உரிமையாளர் தடுத்தார். ரோஷப்பட்டார் போட்டோகிராபர் ஆண்ட்ரூ ஹில். 1900-இல் நண்பர்களுடன் பிக் பேசின் காட்டுக்குப் போய், அங்கேயே 'செம்பர்வைரன்ஸ் கிளப்' தொடங்கினார். தொப்பியைச் சுற்றவிட்டதில் 32 டாலர் சேர்ந்தது. 1902-இல் அந்தக் காடு மாநிலப் பூங்காவானது.

ஓட்டு இல்லை, கையெழுத்து உண்டு
கலவெராஸ் பெருமரங்களைக் காக்க, லாரா லயன் ஒயிட் தலைமையில் கலிபோர்னியாப் பெண்கள் கிளம்பினார்கள். 1904-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குப் போன மனுவில் சுமார் 14 லட்சம் கையெழுத்துகள்! அந்த மாநிலப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததோ 1911-இல்தான். வடக்குத் தோப்பு பூங்காவாக 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எடுபடாத மனு
யோசெமிட்டியின் பூர்வகுடிகளை 1851-லேயே ஆயுதப் படை விரட்டியடித்தது. அவர்களில் எஞ்சியோரும் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டு, பறிபோன நிலத்துக்கு இழப்பீடு கேட்டார்கள். பூங்கா கேட்டவர்களுக்குக் காது கொடுத்த வாஷிங்டன், இவர்களுக்குக் கொடுக்கவில்லை.

சங்கத்துக்குள் சண்டை
மலைக்காவலுக்கென்றே 1892-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'சியரா கிளப்' உருவானது. உறுப்பினர்கள் 182 பேர், தலைவர் மியூர். கூடிப் பேசியது வக்கீல் வாரன் ஓல்னியின் அலுவலகத்தில். யோசெமிட்டி பூங்காவுக்குள் ஹெச் ஹெச்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வந்தபோது, ஓல்னி அணையின் பக்கம் நின்று சங்கத்தைவிட்டு விலகினார். 1913-இல் அணைக்கு அனுமதி கிடைத்தது. சங்கம் பிறந்த ஊரின் குழாய்களில் இன்றும் பெரும்பாலும் வருவது அந்தத் தண்ணீர்தான்.

காசு கொடுத்து மீட்ட காடு
ஆஸ்திரேலியா, 1931 ஈஸ்டர் விடுமுறை. சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலைக்கு நடைப்பயணம் போன இளைஞர்கள், ஓங்கி வளர்ந்த தைலமரங்களை வெட்டிவிட்டு வால்நட் நடப்போவதாகக் குத்தகைக்காரர் சொல்லக் கேட்டார்கள். மனு எழுதிக் காத்திருந்தால் மரம் நிற்காது. எனவே பேரம் பேசினார்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த வேளையில், நடைப்பயணச் சங்கங்கள் 130 பவுண்டு திரட்டிக் குத்தகையை விடுவித்தன. 1932-இல் அரசும் அந்தக் காட்டைப் பொது ஒதுக்கிடமாக்கியது.