கறுப்புக்குள் இருக்கும் வெள்ளி

பாட்டி போட்ட வெள்ளிக் கொலுசு அம்மாவிடம் வந்து, இப்போது உங்கள் காலுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் பீரோவில் கிடந்ததால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. “அழுக்கு ஏறிப்போச்சு, புளி போட்டு நல்லாத் தேய்” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை.

வெள்ளி சாதாரணமாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாது. கந்தகம் என்றால் மட்டும் சட்டென்று சேர்ந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. சாக்கடையிலிருந்தும் அழுகும் இலைதழையிலிருந்தும் கிளம்பி, நம் மூக்குக்கே எட்டாத அளவில் வீட்டுக் காற்றிலும் அது கலந்திருக்கிறது. வெள்ளிக்கு அந்தத் துளியே போதும். கொலுசின் மேற்பரப்பிலுள்ள வெள்ளி அணுக்கள் வாயுவிலிருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற புதுப் பொருளாக மாறுகின்றன. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள் தட்டும். கொஞ்சம் தடித்ததும் பழுப்பு, ஊதா என்று நிறம் காட்டும், மழை ஈரத்தில் ரோட்டில் சிந்திய எண்ணெய் நிறம் காட்டுவதுபோல. இன்னும் தடித்தால் கறுப்பு.

இந்தக் கறுப்புப் பொருளை 100 கிராம் எடுத்தால் அதில் 87 கிராம் வெள்ளிதான்! மீதி 13 கிராம்தான் கந்தகம். அப்படியென்றால் சாம்பலோ பல்பொடியோ போட்டுத் தேய்த்துக் கறுப்பைக் கழுவி ஊற்றும்போது என்ன நடக்கிறது? பாட்டியின் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போகிறது. பழைய கொலுசுகளில் பூவேலைப்பாடு மழுங்கிப்போயிருப்பதற்கு இந்தத் தேய்ப்பும் ஒரு காரணம். புளியும் இங்கே பெரிதாக உதவாது. பித்தளைச் சொம்பின் களிம்பைப் புளி கரைத்துவிடும். வெள்ளி சல்பைடு அதற்கு மசியாது. தேய்க்கிற கைதான் வேலை செய்கிறது.

தேய்க்காமல், கறுப்பாக மாறிய வெள்ளியைக் கொலுசுக்கே திருப்பிக் கொடுக்க ஒரு வழி உண்டு. அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஏனென்றால் கொதிநீர் வேண்டும். ஒரு பீங்கான் பாத்திரத்தின் அடியில், சாப்பாடு பொதிகிற அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள். இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவும் ஒரு ஸ்பூன் உப்பும் போட்டு, சுடுநீரை ஊற்றச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு வெளுக்கத் தொடங்கும். லேசாக அழுகிய முட்டை வாடையும் வரலாம். காற்றிலிருந்து வந்த கந்தகம்தான் இப்போது வெளியேறுகிறது.

கந்தகத்தோடு சேர்ந்தபோது வெள்ளி அணு ஓர் எலக்ட்ரானை இழந்திருந்தது. அலுமினியமோ எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கிற உலோகம். சோடா கலந்த சுடுநீர் அலுமினியத்தின் மேல் தோலைக் கரைக்க, உள்ளிருக்கும் உலோகம் எலக்ட்ரான்களைக் கொலுசுக்கு அனுப்புகிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். எலக்ட்ரானைப் பெற்ற வெள்ளி மறுபடி உலோகமாகி, பெரும்பகுதி கொலுசிலேயே தங்கிவிடுகிறது. தாளை எடுத்துப் பாருங்கள், அங்கங்கே மங்கிப் போயிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வீட்டுச் சோதனை இது.

“உடம்புச் சூட்டால்தான் கொலுசு கறுக்கிறது” என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். சூடு குற்றவாளி இல்லை. வியர்வையிலுள்ள உப்பும், கந்தகம் உள்ள பொருள்களும் வேலையை வேகப்படுத்துகின்றன, அவ்வளவுதான். தினமும் போட்டுக்கொள்கிற கொலுசின் வெளிப்பக்கம் உரசி உரசிப் பளிச்சென்று இருப்பதையும், வேலைப்பாட்டின் பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கியிருப்பதையும் கவனியுங்கள். அந்தப் பள்ளத்துக் கறுப்புதான் பூவை எடுத்துக் காட்டுகிறது. அதை நான் என்றால் விட்டுவைப்பேன்.

கழற்றி வைக்கும்போது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். கட்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். ஈரம் துடைத்து, காற்றுப் புகாத பையில் வைத்தால் போதும்.

தங்கத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் கந்தகமும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் 22 காரட் நகையில் தங்கம் 91.6 சதவீதம்தான், மீதி செம்பும் வெள்ளியும். மங்கினால் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்லக் கழுவலாம்.

சுடுநீர்ச் சோதனைக்கு முன் நகையைப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். பழைய காப்புகள் சிலவற்றின் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள், நசுங்காமல் இருக்க. கொதிநீரில் அது இளகிவிடும். கல் பதித்த நகையும் வேண்டாம். முத்து இருந்தால் புளி, எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். முட்டை ஓட்டைப் போலவே முத்தும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் பட்டால் கரையும். வெள்ளியைப்போல அதை மீட்க வழியில்லை. முத்து மாலையைக் கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.