ஏரோது இருந்த கிறிஸ்துமஸ்

எங்கள் நாய்க்குப் பெயர் ஏரோது. உபதேசியார் வீட்டு நாய்க்கு இப்படி ஒரு பெயரா என்று, சேகரத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஐயர்மார் எல்லோரும் கேட்டார்கள். தாத்தா வைத்த பெயர் இல்லை. குட்டியாக வந்த முதல் வாரத்திலேயே அது ஆச்சியின் அடைக்கோழி பொரித்த குஞ்சுகளில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டது. ஆச்சி முற்றத்தில் நின்றுகொண்டு, “பச்சப் பிள்ளையளக் கொன்னுட்டியே, ஏரோதே!” என்று கத்தியதுதான் பெயர்சூட்டு விழா. வேதத்தில் உள்ள பெயரை நாய்க்கு வைக்கக் கூடாது என்பதில் தாத்தா கறாரானவர். ஆனால் பெத்லகேமின் குழந்தைகளை வெட்டச் சொன்ன ராஜாவின் பெயரைக் காப்பாற்ற அவருக்கும் மனம் வரவில்லை.

நான் சொல்வது 1980-களின் தேரிக்காடு. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அது தெரிகிற தொலைவில் எங்கள் ஊர். 1799-ல் உருவான முதலூர், பிறகு நாசரேத், சாயர்புரம், இடையன்குடி என்று மிஷனரிமார் காலத்துச் சபைகள் இந்தப் பக்கம் அடுத்தடுத்து உண்டு. டிசம்பர் பிறந்துவிட்டால் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் உடன்குடிக் கருப்பட்டிப் பாகு காய்கிற வாசனைதான் முதலில் வந்து அழைக்கும்.

பாகு காய்ந்தால் முந்திரிக்கொத்து. வறுத்த பாசிப்பயற்றை அம்மா திரித்து வைப்பாள். தேங்காய்த்துருவலும் எள்ளும் சுக்கும் ஏலமும் சேர்த்துச் சித்திகள் பாகில் பிசைந்து உருட்டுவார்கள். மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் விடுவது ஆச்சி. அந்த வேலையை ஆச்சி இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை. அடுத்த நாள் அச்சு முறுக்கு. அச்சு எண்ணெயில் நன்றாகக் காயாதவரை முதல் ஈடு ஒட்டிக்கொண்டு வராது. குத்திக் குத்தி எடுத்தால் துண்டு துண்டாக விழும். பண்டிகைக் காலை ஆராதனை முடியாமல் பலகாரத்தில் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு பெற்ற ஒரே ஜீவன் ஏரோது. உடைந்த அச்சு முறுக்கெல்லாம் அதற்கு. நாங்கள் பேரன் பேத்திகள் அடுக்களை வாசலில் வரிசையாக உட்கார்ந்து, அது கண்ணை மூடிக்கொண்டு மெல்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் என் தம்பி நாலு காலில் தவழ்ந்து ஆச்சி பக்கத்தில் போய் வாயைத் திறந்தான். அகப்பைக்காம்பு அடிதான் கிடைத்தது.

இப்போது முந்திரிக்கொத்து நாசரேத்திலிருந்தும் மஸ்கோத் அல்வா முதலூரிலிருந்தும் கூரியரில் வருகிறது. ருசியில் குறை சொல்ல மாட்டேன். சில வருஷம் ஆச்சி செய்ததைவிட நன்றாகவே இருக்கிறது. முதல் ஈடுதான் வருவதில்லை. உடைந்ததை யாரும் பெட்டியில் அடைத்து அனுப்ப மாட்டார்கள் அல்லவா?

துணி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவும் சித்தப்பாக்களும் சேர்ந்து நாசரேத்துக்குப் போய் ஒரே தானில் துணி எடுத்துவிடுவார்கள். பையன்களுக்குச் சட்டை, பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை, எல்லாம் அதே கட்டம், அதே நிறம். கோயிலுக்கு வரிசையாகப் போகும்போது பேண்டு செட்டுக்காரர்கள் மாதிரி இருப்போம். ஒரு வருஷம் ரத்தச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்ட துணி. தையல்காரர் 24-ஆம் தேதி நள்ளிரவில் கொண்டுவந்து கொடுத்ததில் ஒரு முழம் மிஞ்சியிருந்தது. சின்ன அத்தை அதை முக்கோணமாக மடித்து ஏரோதின் கழுத்தில் கட்டிவிட்டாள். குடும்ப வரிசையில் கடைசி ஆளாக அதுவும் சீருடையில் வந்தது. ஊரே சிரித்தது; நாய்க்கு மட்டும் ஏக கம்பீரம்.

அந்தத் துணி வேறு ஒரு காரியமும் செய்தது. அந்தக் காலத்தில் பஞ்சாயத்திலிருந்து நாய் பிடிக்கிறவர்கள் சுருக்குக் கம்பியோடு வருவார்கள். கழுத்தில் பட்டை இல்லாத நாய் மாலைக்குள் உயிரோடு இருக்காது. வீட்டு நாய், தெரு நாய் என்று பெரிய வித்தியாசம் எங்கள் ஊரில் கிடையாது. எல்லா நாயும் தெருவில்தான் படுத்திருக்கும், எல்லா நாய்க்கும் ஏதோ ஒரு வீட்டில் சோறு விழும். பொங்கல் கழிந்து அவர்கள் வந்தபோது ஏரோது தேங்காய்ச் சிரட்டை ஒன்றை உருட்டிக்கொண்டு தெருமுக்கில்தான் இருந்தது. அழுக்கேறிக் கிழிந்து தொங்கிய சிவப்புக் கட்டத்துணியைப் பார்த்து, யாரோ வளர்க்கிறார்கள் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு தையல்காரரிடம், “ஏரோதுக்கும் சேர்த்து வெட்டும்வே” என்று அப்பாவே சொல்ல ஆரம்பித்தார். 2001-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னன. ஏரோதுக்கு அந்த விதி கிடைக்கவில்லை. ஒரு முழம் துணிதான் கிடைத்தது.

பாளையங்கோட்டையில் தம்பி வீட்டில் இப்போது ஒரு லாப்ரடார் இருக்கிறது. பெயர் குக்கீ. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தி வைத்த பெயர். கிறிஸ்துமஸுக்கு அதற்கு ஆன்லைனில் வாங்கிய சிவப்புக் கோட்டும் கலைமான் கொம்பும் உண்டு. போட்டோ எடுக்கும்வரை பிஸ்கட்டைக் காட்டி நிறுத்தி வைப்பார்கள். எடுத்து முடித்ததும் கொம்பைக் கடித்துத் துப்பிவிடும். திருநெல்வேலி வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு போடுகிற பிராணி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நட்சத்திரம் அப்போது வீட்டில்தான் செய்தோம். மூங்கிலைச் சீவி, சணலால் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே 40 வாட் பல்பு. மைதாப் பசை காய்வதற்காகத் திண்ணையில் வைத்தால் ஏரோது வந்து நக்கிவிடும். எங்கள் வீட்டு நட்சத்திரத்துக்குப் பல வருஷம் நாலரை மூலைதான். பெத்லகேமுக்கு வழி காட்ட அது போதும் என்பார் தாத்தா.

கேரல் ரவுண்ட்ஸ் வரும் ராத்திரி இன்னும் வேடிக்கை. பெட்ரோமாக்ஸ் லைட், தோளில் தொங்கும் ஆர்மோனியம், கஞ்சிரா, கடைசியில் அட்டை முகமூடியும் பஞ்சுத் தாடியும் வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. முகமூடிக்குள் யார் என்பது ஊர் ரகசியம். பிள்ளைகள் நடையைப் பார்த்தும் குரலைக் கேட்டும் ஊகிப்போம், பெரியவர்கள் மழுப்பிவிடுவார்கள். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே எங்கள் முற்றத்துக்குள் வந்தார். ஏரோது ஓடிப்போய் அவர் அங்கியை ஒரு தடவை மோந்தது. அவ்வளவுதான், மல்லாக்கப் புரண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு காலடியில் கிடந்தது. ஊரில் அது அப்படிக் கிடக்கிற ஆள் ஒருவர்தான்: ஞாயிற்றுக்கிழமைதோறும் எலும்பு போடுகிற கறிக்கடைக்காரர். “ஏ, கறிக்கடை மாமா!” என்று நாங்கள் கூவியதும் பஞ்சுத் தாடிக்குள்ளிருந்து நல்ல நாட்டு வசவு ஒன்று வந்தது. அடுத்த வீடுகளுக்கு அவர் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே போனார்.

ஆனால் ஏரோதின் பேர்போன சம்பவம் ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் நடந்தது. கோயில் வளாகத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. ராஜா வேஷம் பெரியப்பா மகனுக்கு. தலையில் தங்கத்தாள் கிரீடம், இடுப்பில் அரிவாள் மாதிரி ஒரு வாள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூவரும் மண்டியிட்டு, “ஏரோது ராஜாவே!” என்று ஒரே குரலில் அழைத்தார்கள். செருப்புக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஏரோதுக்கு இப்படி மரியாதையோடு யாரும் அதுவரை கூப்பிட்டது கிடையாது. எழுந்தது, உதறியது, ஜனங்களுக்கு நடுவே வந்து ஒரே தாவில் மேடை ஏறியது. சாஸ்திரிகள் கையில் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். அதில் வெள்ளைப்போளம் என்று வைத்திருந்தது முறுக்கு டப்பா. பெரியப்பா மகன் சிம்மாசனத்தின் மேலே ஏறி நின்றுகொண்டு, “யாராவது இவனப் புடிங்கடே” என்று அரசகட்டளை பிறப்பித்தான். அந்த வருஷம் பெத்லகேமின் குழந்தைகள் எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

சிரித்துச் சொன்னாலும் அந்தக் காலம் நாய்க்குப் பொற்காலம் இல்லை. விடியக் காலை 4 மணி ஆராதனைக்கு மணி அடித்ததும் வெடி தொடங்கும். சிவகாசி எங்களுக்குத் தூரமில்லை. தீபாவளியில் மிஞ்சிய சரக்கும் மலிவாக வரும். சில பையன்கள் நாய் வாலில் சரவெடி கட்டிக் கொளுத்துவார்கள், பெரியவர்கள் அதையும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிற சத்தம், நாய்க்கு அதற்கு இரண்டு மடங்குக்கு மேலும் கேட்கும் என்று அன்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. முதல் அணுகுண்டு வெடித்ததும் ஏரோது தேரிக்குள் ஓடிவிடும். ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு கொதித்து, பக்கத்துத் தெரு இந்து வீடுகளுக்கும் உடன்குடி முஸ்லிம் நண்பர்களுக்கும் பலகாரத் தட்டு போய்ச் சேர்ந்து, மத்தியானம் சாய்ந்த பிறகுதான் செம்மணல் அப்பிய உடம்போடு திரும்பி வரும். நாங்கள் அதை ‘நாய் ஊர் சுற்றப் போயிருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குத் தடுப்பூசி போட்டதாகவும் ஞாபகம் இல்லை. கடித்தால் கடிபட்டவனுக்குத்தான் ஊசி: தொப்புளைச் சுற்றிப் பதினான்கு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் பல காலம் தயாரித்தது. இந்தியாவில் அந்தத் தயாரிப்பு நின்றது 2004 கடைசியில்தான். இன்று கையில் சில ஊசிகளோடு காரியம் முடிகிறது. கேக்கில் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் ஆகாது என்று இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது. ஏரோது பிளம் கேக் தின்று எப்படிப் பிழைத்தது என்றால், அந்தக் கேக்கில் திராட்சையைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

குக்கீக்குத் தடுப்பூசிப் புத்தகம் இருக்கிறது. தம்பி மகனின் புத்தகத்தைவிட ஒழுங்காக எழுதியிருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவுக்கு ஏ.சி. அறை, இழுத்து மூடிய ஜன்னல், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. கிறிஸ்துமஸுக்கு நள்ளிரவு 11.55 முதல் 12.30 வரைதான் வெடிக்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் தெருவில் இருக்கிற யாரும் அந்தத் தீர்ப்பைப் படித்த மாதிரி தெரியவில்லை. குக்கீக்கு அந்த அறை நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேரல் வரும்போது குக்கீ அறைக்குள். விருந்தாளிகள் வரும்போது அறைக்குள். ஆராதனைக்கு நாங்கள் கிளம்பும்போதும் அறைக்குள். ஏரோதை நாங்கள் யாரும் ‘குடும்பத்தில் ஒருவர்’ என்று சொன்னதில்லை. குக்கீயை அப்படித்தான் சொல்கிறோம், பிறந்தநாள்கூடக் கொண்டாடுகிறோம். ஆனால் பண்டிகையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. போட்டோவுக்கு நிற்பதைத் தவிர.

சென்னைத் தங்கை தன் நாயையும் கூட்டிவர ஆசைப்பட்டாள். எழும்பூரிலிருந்து நெல்லைக்கு 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்துவிட்டது. ஆனால் நாய்க்கு அதில் இடமில்லை; ரயிலில் ஏ.சி. முதல் வகுப்பில் தனி அறை எடுத்தால்தான் கூடவே கொண்டுவரலாம். கடைசியில் வாடகைக் கார் பிடித்து வந்தாள். வந்த நாயும் குக்கீயும் ஒன்றைப் பார்த்து ஒன்று குரைத்ததில் இரண்டுக்கும் தனித்தனி அறை ஒதுக்க வேண்டியதாயிற்று. மனிதர்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம்.

அன்று சாயந்தரம் சின்ன அத்தை — அந்தச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்ட அதே அத்தை, இப்போது எண்பதைத் தாண்டியவள் — குக்கீயின் கதவை மெல்லத் திறந்துவிட்டு, அச்சு முறுக்கு டப்பாவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மகன் பதறி ஓடினான்.

“அத்தப்பாட்டி, அதுல என்னெல்லாம் இருக்குன்னு பாக்காம குடுக்காதீங்க!”

“அரிசிமாவும் தேங்காப்பாலும் முட்டையும்தாம்ல. ஒங்க அப்பன் இதத் தின்ன நாலு காலுல தவுந்தவன்.”

அவன் போனை எடுத்து, நாய்க்கு எள் கொடுக்கலாமா, சர்க்கரை எவ்வளவு ஆகும் என்று தேட ஆரம்பித்தான். பதில் வருவதற்குள் குக்கீ மூன்றாவது முறுக்கில் இருந்தது. அத்தை நாலாவதை உடைத்துக்கொண்டிருந்தாள்.