செஞ்சிக்கு எப்படிப்பட்ட வீடியோ கேம் வேண்டும்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது நம் செஞ்சி. இந்தப் பெருமையைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வீடியோ கேமைவிட நல்ல வழி இப்போது இல்லை. அப்படி ஒன்று செய்யப் புறப்படுபவர்களுக்கு முதலில் தோன்றுவது எது என்று ஊகிக்கலாம்: குதிரைமேல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா, கையில் வாள், ஒரு வீச்சில் பத்துத் தலை, முடிக்க நாற்பது மணி நேரம். அது செஞ்சிக்குப் பொருந்தாது. செஞ்சிக்குத் தேவை ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்கக்கூடிய, ஆனால் முடிக்கவே விடாத, நூறு முறை சாகடித்து நூறு முறையும் சிரிக்கவைக்கிற ஒரு சின்ன சாகச விளையாட்டு. இதை விளையாட்டுப் பேச்சாகச் சொல்லவில்லை. அந்தக் கோட்டையின் கட்டுமானமும் அதன் வரலாறும் அதைத்தான் கேட்கின்றன.

கட்டுமானத்தைப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் வளைத்துக் கட்டுகிறது. ராஜகிரி மட்டும் 800 அடி உயரம். வாயிலுக்குப் போகும் பாதை நேராகப் போவதில்லை. யானையோ இடிமரமோ ஓடிவந்து மோத இடம் கொடுக்காமல் சட்டென்று மடங்குகிறது. மடங்கி நுழைந்தவன் நான்கு பக்கமும் மேலிருந்து பார்க்கப்படுகிற ஒரு முற்றத்தில் நிற்கிறான். இதையெல்லாம் கடந்து, மூச்சு வாங்க உச்சிக்குப் பக்கத்தில் வந்தால் பாறை இரண்டாகப் பிளந்து ஏறக்குறைய 60 அடி ஆழத்துக்கு வாய் திறந்திருக்கிறது. அதன்மேல் ஒரு மரப்பாலம். காவலர்கள் பாலத்தை எடுத்துவிட்டால் அவ்வளவு தூரம் ஏறிவந்ததும் வீண். ஏறுகிறவன் எந்த இடத்தில் அவசரப்படுவான், எந்த இடத்தில் ‘வந்துவிட்டோம்’ என்று அசட்டையாக இருப்பான் என்று முன்கூட்டியே யோசித்துக் கட்டிய மூளை இது. நல்ல கேம் வடிவமைப்பாளர் ஒரு லெவலைத் தீட்டும்போது செய்யும் வேலையும் அதுதான்.

வரலாறும் அதையே சொல்கிறது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். இடையில் நடந்தவற்றை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பமாட்டோம். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி, தனாஜியின் படைகள் வழிமறித்ததால் முற்றுகையிட்டவர்களே சோற்றுக்குத் திண்டாடினார்கள். பாதுஷாவின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசப்போய், தன் பக்கத்துத் தளபதிகளாலேயே கைது செய்யப்பட்டார். கடைசியில் கோட்டை விழுந்தபோது, யாரைப் பிடிக்க இத்தனை பாடோ அந்த மராட்டிய அரசர் ராஜாராம் ஏற்கெனவே நழுவி வேலூர் வழியாகப் போயிருந்தார். ஆனால் 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை இதே கோட்டையை ஓர் இரவில் பிடித்தது. விடிந்ததும் தாங்கள் ஏறிவந்த செங்குத்தைப் பார்த்து அவர்களே திகைத்தார்கள் என்று அக்கால வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எட்டு ஆண்டும் ஓர் இரவும் ஒரே பாறைக்குத்தான். செஞ்சி பலத்துக்கு மசியவில்லை, தக்க நேரத்துக்கு மசிந்தது. ஆகவே ஆடுகிறவன் நாற்பது மணி நேரம் ஆடிப் பெரிய வாளும் தடித்த கவசமும் சேர்த்து ஜெயிக்கிற விளையாட்டு செஞ்சியைப் பற்றிய பொய். அவன் கையில் முதலில் இருந்ததே கடைசிவரை இருக்க வேண்டும். மாற வேண்டியது அவனுக்குத் தெரிந்த விஷயம் மட்டும்.

இந்த வகைக்கு முன்னோடிகள் உண்டு. 1989இல் ஜோர்டான் மெக்னர் தந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ நம் ஊர்க் கணினிகளிலும் பலர் ஆடியது. நிலவறையிலிருந்து கோபுரம்வரை ஏற 60 நிமிடம்தான் கெடு. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். சரியும் தளக்கல், தரையிலிருந்து பாயும் முள், வெட்டும் கத்தி என எல்லாமே கவனித்தால் தப்பிக்கக்கூடியவை. அதே ஆண்டில் வந்த ‘ரிக் டேஞ்சரஸ்’ பல இடங்களில் முன்னறிவிப்பே இல்லாமல் கொன்றது. மனப்பாடம் செய்தால்தான் தப்ப முடியும் என்று இன்றுவரை அதைக் குறை சொல்கிறார்கள். குறை நியாயமானது. கடினத்திலும் நேர்மை, நேர்மையின்மை உண்டு. நம் பரமபதத்தில் உச்சிக் கட்டத்துக்கு முன்னால் பெரிய பாம்பு விழுங்கும்போது வருகிற பதைப்பு உண்மைதான். ஆனால் அங்கே விழவைப்பது தாயக்கட்டை, நம் தவறு அல்ல. விழுந்தவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. செஞ்சி விளையாட்டில் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கண்ணெதிரே கிடக்க வேண்டும். பாலத்தை இழுக்கும் கயிறு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஓடியது ஆடியவனின் பிழை.

அப்படியானால் சிரிப்பு எதற்கு? சிரிக்காத மனிதன் ஐம்பதாவது முறை ஏறமாட்டான், அதற்குத்தான். அமெரிக்காவின் சியரா நிறுவனம் ‘ஸ்பேஸ் க்வெஸ்ட்’ போன்ற விளையாட்டுகளில் சாவுக்குச் சாவு ஒரு நக்கல் எழுதிவைத்தது. ஆடியவர்கள் அதைப் படிப்பதற்காகவே வேண்டுமென்று செத்தார்கள். நாம் அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. செஞ்சி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்நிலம். பக்கத்தில் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை மூலக்கோயிலாகக் கொண்டாடும் மரபை ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கூத்தில் கட்டியங்காரன் யார்? மகுடமும் புஜக்கட்டையும் தரித்துக் கர்ஜிக்கிற ராஜாவைப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக் கவிழ்க்கிறவன். விடிந்தால் பாரதப் போரின் படுகளம், சாவு காத்திருக்கிறது என்று தெரிந்த இரவில்தான் அவன் ஊரையே சிரிக்கவைக்கிறான். படுகளத்தில் பிணமாகப் படுத்தவர்களை அம்மன் எழுப்புகிற சடங்கும் பல ஊர்களில் உண்டு. செத்து எழுவதும், சாவுக்குப் பக்கத்தில் சிரிப்பதும் இந்த மண்ணுக்குக் கணினி கொண்டுவந்த புதுமைகள் அல்ல.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். உண்மையிலேயே மனிதர்கள் செத்த இடம் இது. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி 22 வயதில் தேசிங்கு மாண்டான். அவன் நண்பன் மகபத்கானும் மாண்டான். மதம் கடந்த அந்த நட்பை ஊர் ஊராகக் கதைப்பாடலாகப் பாடி அழுதிருக்கிறார்கள். அதைக் கேலிப்பொருளாக்கலாமா? கூடாது. கைதிகளைத் தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்ற இடம் என்று சொல்லப்படும் கைதிக் கிணற்றையும் சிரிப்புக்கு இடமாக்கக் கூடாது. இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் விளையாட்டின் நாயகன் தேசிங்காக இருக்கக் கூடாது என்கிறேன். ஏதோ ஒரு படையின் பெயரில்லாத ஒற்றன் போதும். வழுக்குப் பாறையில் சறுக்கி அகழியில் விழுவதும், கட்டுச்சோற்றைக் குரங்கு பிடுங்க அதைத் துரத்திப்போய்ப் பள்ளத்தில் உருளுவதும் அவனுடைய சாவுகள். அவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் தன் அவசரத்தைப் பார்த்தே சிரிக்கிறான். உண்மையில் மரணத்தை மலிவாக்குவது எதிராளியை எண்ணிக்கையாக்கி, வெட்டுக்கு வெட்டு புள்ளி கொடுக்கிற வீரசாகச விளையாட்டுதான். அதைப் பற்றி இங்கே பெற்றோர் அதிகம் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

கடினமான விளையாட்டு பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்பது இன்னொரு வாதம். இதற்குப் பதில் நீளத்தில் இருக்கிறது. விழுந்தவுடன் அதே நொடியில், அதே வாயிலில் எழ முடிந்தால், மொத்தப் பாதையும் ஒரு மணி நேரம்தான் என்றால், கடினம் யாரையும் விரட்டாது. நாற்பது மணி நேரக் கடினம்தான் வேலைக்குப் போகிறவனையும் பள்ளிப் பிள்ளையையும் ஒதுக்குகிறது. சின்னதாகச் செய்தால் மதிப்பு குறையும் என்ற பயமும் வேண்டாம். டொரண்டோவில் ஒரு சிறு குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சொல்லி ஒரே அமர்வில் முடிகிற விளையாட்டு. அடுத்த ஆண்டே சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. செஞ்சிக்கும் பெரிய நிறுவனமோ பெரும் முதலோ தேவையில்லை. மூன்று குன்றை ஒழுங்காக அளந்து வரைய ஓர் ஓவியர், நிரல் எழுத இரண்டு பேர், ஒவ்வொரு சாவுக்கும் வடாற்காடு, தென்னாற்காடு பேச்சில் ஒரு வரி சொல்லக் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிற ஒரு கூத்துக் கலைஞர். அந்தக் கலைஞரை நடிகர் குரலால் ஈடுகட்ட நினைக்க வேண்டாம். விழுப்புரம், திருவண்ணாமலை கூத்து ஜமாக்களில் தேடினால் கிடைப்பார். அவருக்குரிய கூலியைத் திட்டச் செலவில் முதல் வரியாக எழுத வேண்டும்.